காலியாக விட்ட மூலை

அத்தியாயம் 5

தெல்மா ரட்டின் வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லை. பதினேழு பெட்டிகளில் கட்டி, காரில் ஏற்றி, தேவாலயப் பழம்பொருள் கடையின் பின்வாசலில் அவரே இறக்கிவைத்துவிட்டு வந்திருந்தார். அந்தப் பதினேழு பெட்டிகளில் இருந்த ஒரே ஒரு புத்தகத்துக்காகத்தான் இப்போது மேவ் கார்மடியை அழைத்திருந்தார்.

வியாழன் காலை ஒன்பது மணி. லான்செஸ்டன் நகரத்தின் மேல் மூடுபனி, அடுப்பில் ஏற்ற மறந்த பால் மாதிரி அசையாமல் கிடந்தது.

"புத்தகத்தோட பேரு?" என்றாள் மேவ். நாற்பத்தைந்து வயது. பன்னிரண்டு வருடம் போலீஸ், ஒன்பது வருடம் தனியார் துப்பறிதல். இரண்டிலும் யாரும் அவள் சிரித்துப் பார்த்ததில்லை.

"'பெரணிக் காட்டு மனிதர்கள்'. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறுல ஹோபார்ட்ல அச்சடிச்சது. பன்னிரண்டு வண்ணப் படம். எல்லாம் ஓர்மண்ட் டிரேல் வரைஞ்சதுன்னு ஊரே சொல்லும்."

"வரையலையா?"

"எங்கம்மா வரைஞ்சாங்க."

தெல்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அம்மா வின்னி மே மாதம் இறந்திருந்தார். செவ்வாய்க்கிழமை தையல் மெஷின் டிராயரைச் சுத்தம் செய்தபோது கிடைத்த கடிதத்தை மேவிடம் நீட்டினார். நடுங்கும் கையெழுத்தில் நாலே வரி.

'என் பிரதியில் படங்களுக்கு அடியில் பார். எதை வரைய வேண்டும் என்று என் பெயரைப் போட்டு டிரேல் அவரே பென்சிலால் எழுதிய தாள்கள் அவை. அவற்றின் மேல்தான் படங்களை ஒட்டினேன். உயிரோடு இருக்கும்போது சொல்லத் தைரியம் வரவில்லை.'

"அம்மா பைண்டிங் கூடத்துல படம் ஒட்டற பொண்ணு" என்றார் தெல்மா. "அப்பல்லாம் படத்தைத் தனியா அச்சடிச்சு, கெட்டியான சாம்பல் பச்சைத் தாள்ல மேல் விளிம்புல மட்டும் பசை தொட்டு ஒட்டுவாங்க. கீழேயிருந்து தூக்கிப் பார்க்கலாம், கதவு மாதிரி. நான் தூக்கிப் பார்த்ததே இல்ல. அம்மா விட மாட்டாங்க."

"இந்தப் பிரதிதான்னு எப்படி அடையாளம் தெரியும்?"

"தவளைப் படம். எனக்கு நாலு வயசு. பீட்ரூட் தின்ன கையோட தவளையைத் தூக்கப் போனேன், பின்பக்கம் கீழ் ஓரத்துல விரல் கறை ஒட்டிக்கிச்சு. அம்மா அடிக்கல. 'இதுல ஒருத்தர் அடையாளமாவது நெஜமா இருக்கட்டும்'னாங்க. அப்பப் புரியல."

கணப்பின் மேல் பலகையில் ஒரு அழைப்பிதழ் சாய்ந்திருந்தது. ஹார்ட்னெல் கலைக்கூடத்தில் ஓர்மண்ட் டிரேல் நினைவுக் கண்காட்சி, சனிக்கிழமை திறப்பு, அவர் பெயரில் நிரந்தர அறை. அட்டையில் அதே தவளை. பெரணி இலையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் அதை மடக்க மனமில்லாமல் நிற்கும் தவளை. இலை விளிம்பில் தொங்கும் ஒவ்வொரு துளிக்குள்ளும் தலைகீழாக ஒரு காடு. வலது கீழ் மூலையில் வெறும் பாசி. அதன்மேல் டிரேலின் கையெழுத்து.

"கலைக்கூடக் காப்பாளர் அம்மாகிட்டப் பேசினீங்களா? என்ன சொன்னாங்க?"

"கையில ஆதாரம் இருந்தா சனிக்கிழமையே அம்மா பேரைச் சுவத்துல போடறேன்னாங்க. இல்லேன்னா டிரேல் அறைதான். நிரந்தரமா."

பேசிக்கொண்டே தெல்மா கணப்பு முன் குனிந்தார். முழங்கால் மடங்கவில்லை. மேவின் உதவியாளன் டூலி எழுந்துவந்தான். முப்பத்து நாலு வயது. வாயைத் தவிர மற்றதெல்லாம் மெதுவாக வேலை செய்யும்.

"நகருங்கம்மா. பத்தவைக்கிறது என் குடும்பத் தொழில். எங்கப்பா ரெண்டு தடவை கொட்டகையையே கொளுத்தினாரு."

கூடையில் இரண்டு தீமூட்டிகள் இருந்தன. பைன் மரக்காயைச் சுற்றி முறுக்கிய காகிதம், அதன்மேல் கெட்டியாகச் சிவப்பு மெழுகு. டூலி ஒன்றை எடுத்து விறகுக்கு அடியில் செருகிக் குச்சியைக் கிழித்தான். குப்பென்று பிடித்தது.

"அடேங்கப்பா. என்ன அழகா எரியுது!"

"சர்ச்சுல குடுத்தாங்க. ஒரு டஜன் இருந்துச்சு. தினம் காலையில ஒண்ணு. இந்த மாதிரி பத்திக்கிற சாமானை நான் பார்த்ததே இல்ல."

மேவ் அந்த நெருப்பில் கை காய்ந்துவிட்டு எழுந்தாள்.

"கடையில விசாரிச்சீங்களா?"

"செவ்வாய் போனேன், புதன் போனேன். யாருக்கும் தெரியல."

"அங்க வேலை பார்க்கறது எல்லாம் தொண்டு செய்யறவங்க. கிழமைக்கு ஒருத்தர். நீங்க செவ்வாய்க்காரியையும் புதன்காரியையும் கேட்டிருக்கீங்க. இன்னிக்கு வியாழன்."

---

வியாழக்கிழமைக்காரியின் பெயர் மார்ஜ். எழுபது வயது. கடைக்குள் பழைய கம்பளி வாசனைக்கு நடுவே நின்று ஒரு பொம்மைக்குக் கால் தைத்துக்கொண்டிருந்தார்.

"படப் புத்தகமா? யாரோடது கண்ணு?"

"கட்சிக்காரர் பேரை நாங்க சொல்றதில்ல" என்றாள் மேவ். ஒன்பது வருடப் பழக்கம்.

"சரி, சரி. வித்தது ஞாபகம் இருக்கு. மூணு வாரம் முந்தி. நாலு டாலர். ஒரு மனுஷன் வந்தான், வெள்ளைத் துணிக் கையுறை போட்டுக்கிட்டு."

"மேஜிக் காட்டறவன், இல்லேன்னா புத்தகம் சேர்க்கறவன்" என்றான் டூலி. "ரெண்டு பேருமே கண்ணு முன்னாடியே பொருளைக் காணாம அடிப்பாங்க."

"கதையில ஒரு வரி படிக்கல தம்பி. படத்தை மட்டும் எண்ணினான். அப்புறம் பண்ணினான் பாரு ஒரு வேலை! ஒவ்வொரு படத்தோட கீழ் விளிம்புலயும் உஃப்னு ஊதினான். சூப் ஆத்தற மாதிரி."

மேவின் புருவம் உயர்ந்தது. "ஊதினா படம் எழும்புதான்னு பார்த்திருக்கான். மேல மட்டும் பசை இருந்தா எழும்பும். டூலி, படிக்கப் போற புத்தகத்தை யாராவது ஊதிப் பார்ப்பாங்களா?"

"கழட்டப் போறவன்தான் பார்ப்பான் பாஸ்."

"பேரு?"

மார்ஜ் கல்லாவுக்குப் பின்னால் குத்தியிருந்த ஒரு அட்டையைக் காட்டினார். "படப் புத்தகம் வந்தாச் சொல்லுங்கன்னு குடுத்துட்டுப் போனான்."

ஆல்டன் விக்ஸ். டெலோரைன் போகும் சாலை.

---

வழியில் டூலி ஒரு பேக்கரியில் நிறுத்தி, மசாலாச் சிப்பிக்கறி அடைத்த ஸ்காலப் பை இரண்டு வாங்கினான். மேவ் வேண்டாம் என்றதும் இரண்டையும் அவனே தின்றான்.

"கையை நல்லாத் துடை. அந்த ஆளு வீட்டுல உன் விரல் வாசனையை வெச்சே உன்னை வெளிய தள்ளிடுவான்."

"பாஸ், ஒண்ணு கேக்கறேன். படத்துக்குக் கீழ என்ன இருக்குன்னு அந்தாளு பார்த்திருந்தா? டிரேல் ரசிகன்னா அதைக் கொளுத்தியே இருப்பான்."

"பார்த்திருந்தா இந்த ஜென்மத்துக்குக் கொளுத்த மாட்டான். டிரேல் கையெழுத்து ஆச்சே. கோவில் மாதிரி வெச்சிருப்பான். நான் பயப்படறது அவன் பார்க்கலேன்னா என்னன்னுதான்."

ஆல்டன் விக்ஸ் கதவைத் திறந்ததும் முதலில் அவர்களுடைய காலணிகளைப் பார்த்தார், பிறகு கைகளை. ஒல்லியான, சுத்தமான, ஓய்வுபெற்ற பல் மருத்துவர். ஜன்னல் இல்லாத ஒரு அறைக்கு அழைத்துப் போனார். சுவரெங்கும் கண்ணாடிக் கதவுகள், உள்ளே தங்க முத்திரையிட்ட முதுகுகள்.

"டிரேலைப் பார்க்கத்தானே வந்தீங்க? எல்லாரும் அதுக்குத்தான் வருவாங்க." புத்தகத்தை எடுத்து நுரைத் தலையணை மேல் கிடத்தினார். பச்சைத் துணி அட்டை, பெரணிச் சுருளாகத் தங்கக் கோடு, நேற்று வாங்கியது போன்ற பளபளப்பு. "தீவுல இந்த நிலையில இது ஒண்ணுதான்."

பக்கங்களைத் திருப்பினார். டூலியே ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டான். வாம்பாட் விலங்கின் வளைக்குள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கணக்குப் பாடம் நடத்தும் வண்டு. நீலக்குருவியின் வாலில் ஊஞ்சல் கட்டிய சிற்றுருவங்கள். பனி உறைந்த சிலந்தி வலையைத் துவைத்துக் காயப்போடும் ஒரு கிழவி. பச்சையிலேயே நாற்பது பச்சை. எந்த முகத்திலும் பொம்மைச் சிரிப்பு இல்லை. எல்லோரும் ஏதோ வேலையில் மூழ்கியிருந்தார்கள். வேலை செய்து பழகியவர் வரைந்த படங்கள் என்று மேவுக்குத் தோன்றியது.

"கவனிச்சீங்களா?" விக்ஸின் குரல் பிரார்த்தனை மாதிரி தாழ்ந்தது. "பன்னிரண்டு படத்துலயும் வலது கீழ் மூலையில கையெழுத்தைத் தவிர ஒண்ணுமே இருக்காது. மத்த இடமெல்லாம் இண்டு இடுக்கு விடாம உசிரு. அந்த ஒரு மூலை மட்டும் மௌனம். மேதைக்குத்தான் அங்க நிறுத்தத் தெரியும். அதைப்பத்தி நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கேன்."

"மூச்சு வாங்க இடம்" என்றான் டூலி.

"அதேதான் தம்பி!"

மேவ் தவளைப் படத்தின்மேல் கிடந்த மெல்லிய டிஷ்யூத் தாளைக் குனிந்து பார்த்தாள். அறுபத்தெட்டு வருடப் பழைய புத்தகத்தின் அழுத்தத்தில் படத்தின் மை டிஷ்யூவில் பழுப்பு நிழலாக இறங்கியிருந்தது.

"மிஸ்டர் விக்ஸ், இந்தத் தாளை அப்படியே படுக்க வைங்க. விரலை எடுங்க. இப்பப் பாருங்க, தவளை இங்க இருக்கு. அதோட நிழல் ஒரு விரக்கடை இடது பக்கம் தள்ளி விழுந்திருக்கு."

விக்ஸ் கண்ணைச் சுருக்கித் தாளின்மேல் குனிந்தார்.

மேவ் அடுத்ததைத் திருப்பினாள். "குருவியோட நிழல் கீழ விழுந்திருக்கு. வண்டு நிழல் சாஞ்சிருக்கு. பன்னிரண்டு படத்துல ஒண்ணுகூடத் தன் நிழல் மேல நிக்கல. இந்த நிழல்களை விட்டுட்டுப் போன படங்கள் வேற, இப்ப இருக்கற படங்கள் வேற. ஒட்டின கையும் வேற."

"அடேயப்பா" என்றான் டூலி. "ஊரான் வீட்டுத் தவளை."

"தவளையோட விளிம்பைத் தூக்குங்க."

விக்ஸ் தூக்கினார். படத்தின் பின்புறம், கீழ் ஓரத்தில், ஒரு குழந்தைக் கட்டைவிரல் அளவுக்கு மங்கிய இளஞ்சிவப்புக் கறை. படத்துக்கு அடியில் இருந்த சாம்பல் பச்சைத் தாள் துடைத்து வைத்தாற்போல் வெறுமையாக இருந்தது.

"நான் திருடல" என்றார் விக்ஸ். காதுகள் சிவந்திருந்தன. "நாலு டாலர் குடுத்து வாங்கினேன். இந்த அட்டை என்னோட பழைய பிரதி, இதுல இருந்த படத்தையெல்லாம் யாரோ ஒரு பாவி உருவி ஓட்டல் சுவத்துல மாட்ட வித்துட்டான். பதினெட்டு வருஷம் என்கிட்ட உடம்பு மட்டும் இருந்துச்சு, உசிரு இல்ல. கடையில கிடைச்சதுல உசிரு இருந்துச்சு, உடம்பு நாறிப் போயிருந்துச்சு. முதுகு உடைஞ்சு, பூஞ்சை பிடிச்சு. ரெண்டையும் சேர்த்தேன். சேர்க்கிறவங்க எல்லாரும் பண்றதுதான். நான் காப்பாத்தியிருக்கேன் அம்மா!"

"அந்த இன்னொரு உடம்பு எங்க?"

"எலும்புக்கூடா?"

"படம் ஒட்டியிருந்த பன்னிரண்டு தாள். அதுல பென்சில்ல எழுதியிருந்துச்சே."

"ஏதோ கிறுக்கல் இருந்துச்சு. பைண்டிங் பசங்க குறிப்பு எழுதுவாங்க."

"படிச்சீங்களா?"

"இல்ல. நான் படத்தைப் பார்க்கறவன். படத்துக்குப் பின்னால இருக்கறதைப் பார்க்கறதில்ல."

மேவ் அவரையே பார்த்தாள். பிறகு, ஒரு நோயாளிக்கு மருந்தின் பெயரைச் சொல்வது போல, அது யாருடைய கையெழுத்து என்று சொன்னாள். யாருக்கு எழுதியது என்பதையும் சொன்னாள்.

விக்ஸ் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். வெள்ளைக் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்தார். "டிரேல் கையெழுத்தா? பன்னிரண்டு பக்கமா? என் கையில இருந்துச்சா?"

"எங்க போட்டீங்க?"

"குப்பையில போடல. காகிதத்தைக் குப்பையில போட எனக்கு மனசு வராது. அடுத்த வியாழக்கிழமை விடியக்காலையில, ஒரு பையில போட்டு, கடையோட பின்வாசல்லயே வெச்சுட்டு வந்தேன். வாங்கின இடத்துக்கே."

---

கடை மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது வண்டியை நிறுத்தினான் டூலி. மார்ஜ் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்.

"பை ஒண்ணு வந்துச்சா? அட்டை பிஞ்ச புத்தகம், பச்சைத் தாளு?"

"அட, அதுவா!" மார்ஜின் முகம் மலர்ந்தது. "அட்டையும் கதைப் பக்கமும் ஒரே பூஞ்சை கண்ணு, தூர எறிஞ்சுட்டேன். ஆனா அந்தக் கெட்டித் தாளு பன்னிரண்டும் வீணாப் போகக் கூடாதுன்னு எடுத்து வெச்சுக்கிட்டேன். குளிர்காலத்துல நான் தீமூட்டி செய்வேன்ல? பைன் மரக்காயில தாளைச் சுத்தி, கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தி மிச்சத்தை உருக்கி முக்கி எடுக்கணும். நியூஸ் பேப்பர்ல செஞ்சா சீக்கிரம் அணைஞ்சுடும். அந்தத் தாளு பாரு, பஞ்சு மாதிரி மெழுகைக் குடிச்சுது. என் ஆயுசுல அவ்வளவு நல்ல தீமூட்டி செஞ்சதில்ல."

டூலி தன் வலது கையைப் பார்த்தான்.

"சிவப்பு மெழுகா?" என்றாள் மேவ்.

"சிவப்புதான். ஒரே ஒரு டஜன். விக்கல. போன ஞாயிறுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஒருத்திக்குச் சும்மாவே குடுத்துட்டேன். பாவம், அம்மாவைப் பறிகொடுத்துட்டுத் தனியா உக்காந்திருக்கா, வீடாவது கதகதப்பா இருக்கட்டுமேன்னு. தெல்மா ரட்னு பேரு. உங்களுக்குத் தெரியுமா?"

காலையில் கட்சிக்காரரின் பெயரைச் சொல்லியிருந்தால் தெல்மாவுக்குத் தீமூட்டி கொடுத்த கதையும் காலையிலேயே வந்திருக்கும். மேவ் கல்லா மேலிருந்த தொலைபேசியை எடுத்து எண்களைச் சுழற்றினாள். என்கேஜ்டு. மறுபடி. என்கேஜ்டு.

"பாஸ், தினம் காலையில ஒண்ணுன்னுதானே சொன்னாங்க? கூடையில இன்னும் ஒண்ணு இருக்கு. நாளைக்குத்தான்."

"வண்டியை எடு."

---

தெல்மா கதவைத் திறந்தபோது அவர் முகத்தில் காலையில் இல்லாத ஒரு வெளிச்சம்.

"வாங்க, வாங்க. இப்பத்தான் காப்பாளர் அம்மாகிட்டப் பேசினேன். பன்னிரண்டும் வேண்டாமாம். ஒரே ஒரு தாள் போதுமாம், எங்கம்மா பேருக்கு எழுதினதுன்னு இருந்தா. ஐயோ, விறைச்சுப் போய் வந்திருக்கீங்களே. அடுப்பு அணைஞ்சு போச்சு, உங்க வண்டிச் சத்தம் கேட்டுத்தான் மறுபடி—"

டூலி அவரை இடித்துக்கொண்டு ஓடினான். கணப்பின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மஞ்சள் தீ அழகாக, மிக அழகாக, எழும்பிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தான். வெறும் கையை உள்ளே விட்டான். எரியும் மெழுகோடு அதை உருவித் தரைவிரிப்பில் போட்டு, அதன்மேல் விழுந்து தன் கோட்டால் அமுக்கினான். ஒரு வார்த்தை பேசவில்லை. மேவ் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை.

"என்னப்பா பண்றே!" என்றார் தெல்மா.

மேவ் மண்டியிட்டு, பைன் மரக்காயிலிருந்து அந்தச் சுருளைப் பிரித்தாள். சிவப்பு மெழுகு வழிந்து விலகிய இடத்தில் சாம்பல் பச்சை தெரிந்தது. பாதித் தாள். மேல் பாதி கரி. மெழுகு ஊறிய கீழ்ப் பாதியில் பென்சில் எழுத்து நேற்று எழுதியது போல் பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் அழைப்பிதழில் இருந்த கையெழுத்தின் உடன்பிறப்பு.

தெல்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"'...இலையைக் குடையாகப் பிடித்தபடி தவளை. துளிகளுக்குள் காடு தெரியட்டும், அது உனக்கு நன்றாக வரும். வலது கீழ் மூலையை மட்டும் எப்போதும் போல் காலியாக விடு. என் கையெழுத்துக்கு இடம் வேண்டும்.'"

தாளின் கருகிய மேல் பாதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருக்கு எழுதினதுன்னு மேல இருந்திருக்கும்" என்றார் தெல்மா.

"ஆமா."

"இது எங்க கிடைச்சுது உங்களுக்கு?"

மேவ் பொய் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் தெல்மாவின் பார்வை காலியான கூடைக்குப் போய், சிவப்பு மெழுகுக்கு வந்து, டூலியின் கொப்புளம் கண்ட உள்ளங்கையில் நின்றது. உதடுகள் மெதுவாக அசைந்தன. நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அம்மா, காலையில ஒண்ணை நான்தான்..." என்றான் டூலி.

"நீ ஒண்ணுதான்ப்பா. பத்து நான்."

மேவ் தொலைபேசியை எடுத்துக் கலைக்கூடத்துக்குப் பேசினாள். தாளில் இருந்ததைப் படித்தாள். மறுமுனையில் காப்பாளர் வருத்தத்தோடுதான் கேட்டார்: பெயர் இருக்கிறதா? அச்சகத்து ஆளுக்கு எழுதியது என்று யாராவது சொன்னால்? மேவ், தான் வாழ்நாளில் கேட்ட எல்லா நியாயமான கேள்விகளையும் வெறுத்தபடி ரிசீவரை வைத்தாள்.

காப்பாளரின் பதில் தெல்மாவுக்குக் கேட்காமலே தெரிந்திருந்தது. எழுந்துபோய்க் கணப்பின் மேலிருந்த அழைப்பிதழை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார். பாதித் தாளின் கருகிய மேல் விளிம்பை விரலால் தொட்டார். அம்மாவின் பெயர் இருந்த இடம் பொடியாக உதிர்ந்து விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது.

அந்த விரலை அழைப்பிதழின் வலது கீழ் மூலையில் வைத்து, டிரேலின் கையெழுத்து மறையும்வரை அழுத்தித் தேய்த்தார்.